மண் துரியோதனனும் ஊர்க் கணக்கும்: சித்தூர் வட்டாரத்துப் பாரதத் திருவிழா பற்றி ஒரு திறனாய்வு

கலை என்றால் ஒருவர் செய்வது, பலர் பார்ப்பது என்றே நாம் பழகிவிட்டோம். ஓவியத்தைப் பார்த்தால் வரைந்தவர் பெயரைத் தேடுகிறோம். கச்சேரி என்றால் பாடுவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம். ஊரே சேர்ந்து ஒரு கலையைச் செய்ய முடியுமா, செய்தால் அது யாருடைய கலை, அதில் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்விகள் இன்றைய கலை உலகில் பெரிதாகப் பேசப்படுகின்றன. ‘கூட்டுக்கலை’ என்று பெயரும் இட்டிருக்கிறார்கள். இதை மேல்நாட்டிலிருந்து இறங்கிய புதுச் சரக்கு என்று நினைக்கிறவர்கள், சித்தூரை விட்டு வெளியே வந்து, கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்க்கவேண்டும் என்பது அடியேன் எண்ணம்.

வெல்லக் கொள்முதலுக்காக இந்தக் கிராமங்களில் நாற்பது வருஷம் அலைந்தவன் நான். ஆலை ஓய்ந்து, கோடையில் கணக்குத் தீர்க்கப் போகும்போது பல ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். அப்படித்தான் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் படித்துச் சொல்வதல்ல இது. கணக்குப் பார்க்கிற கண்ணால் ஒரு கலையைப் பார்த்ததில் தோன்றியவற்றை இம்மலர் வாசகர் முன் வைக்கிறேன்.

இரு மொழி நிலம்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. அதற்கு முன் இதன் பெரும்பகுதி வடஆர்க்காட்டோடு இருந்தது. வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மற்ற ஊர்கள் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்தது. கோடுகள் இப்படி மாறி மாறிப் போடப்பட்டாலும், பாரதம் மட்டும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே நடந்து வருகிறது. அந்தப் பக்கம் ‘திரௌபதி அம்மன் கோயில்’ என்பார்கள், இந்தப் பக்கம் ‘தர்மராஜா கோயில்’ என்பார்கள். அங்கே தெருக்கூத்து, இங்கே வீதி நாடகம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே! பகலில் அங்கே வில்லிபாரதப் பிரசங்கம், இங்கே தெலுங்கில் அரிகதை. வெளிமாநிலத் தமிழர் என்று நம்மைச் சொல்கிறோமே, இந்த ஒரு கலையைப் பொறுத்தவரை நாம் வெளியே வந்தவர்களே அல்ல.

என்ன நடக்கிறது?

பார்க்காத இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். தலைக்கட்டு வரி பேசுவார்கள். கூத்து ஜமாவுக்குத் தாம்பூலமும் முன்பணமும் கொடுத்து அமர்த்துவார்கள். கொடி ஏறிக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். பகலெல்லாம் கதை, இராத்திரி விடிய விடிய கூத்து. வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், பகடை துகில், விராட பருவம், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போகும்.

இதில் பார்ப்பவர், செய்பவர் என்ற வேலி அடிக்கடி விழுந்துவிடும். பகாசுர வதத்தன்று வீமன் வண்டி ஏறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டுவந்து கொட்டுவார்கள். பகாசுரனுக்குச் சோறு அனுப்பிய ஏகசக்கர நகரத்துக் குடும்பங்களாக அன்றைக்கு நம் தெருக்காரர்களே மாறிவிடுகிறார்கள். அருச்சுனன் தபசன்று உயரமான மரம் ஒன்றை நட்டு, அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரத் துணியோடு கீழே காத்திருப்பார்கள். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் பிரசாதமும் மடியில் விழவேண்டும். அந்தப் பெண்களுக்கு அது நாடகக் காட்சியா என்ன? அவர்கள் வாழ்க்கையே அந்த மடியில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் சிகரம் பதினெட்டாம் போர். கோயிலுக்கு முன்னால் திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். ஊருக்கு ஊர் அளவு வேறுபடும். முப்பது அடியும் உண்டு, அறுபது அடியைத் தாண்டுவதும் உண்டு. வண்ணம் பூசி, கிரீடம் வைத்து, மீசை முறுக்கி, கண் விழித்துப் படுத்திருப்பான். தொடையில் செந்நீர்ப் பானை புதைத்திருக்கும். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் கதையால் தொடையில் ஓர் அடி. பானை உடைந்து சிவப்பு ஓடும். திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

அறிஞர்கள் பார்த்தது

இக்கலையை வெளிநாட்டு அறிஞர்கள் நம்மைவிடப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி செஞ்சியை நடுவாக வைத்துக் கதைகளை ஆராய்கிறது, இரண்டாவது சடங்குகளை ஆராய்கிறது. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் கூத்தை அரங்கக் கலையாக எடுத்து எழுதினார். ஹன்னே டி புரூயின் 1999இல் எழுதிய நூலில் கூத்தாடிகளின் தொழில் வாழ்க்கையைக் காட்டினார். ‘தெருக்கூத்து’ என்ற பெயரில் இளக்காரம் இருக்கிறது, ‘கட்டைக்கூத்து’ என்றே சொல்லவேண்டும் என்று அவரும் காஞ்சிபுரத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் வாதாடியது அறிஞர் அறிந்ததே. நம்மவர்களில் ந. முத்துசாமி கூத்தைக் கண்டு வியந்து 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்.

இவர்கள் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. ஒருவருக்குக் கதை முக்கியம், ஒருவருக்குச் சடங்கு முக்கியம், ஒருவருக்கு நடிப்பு முக்கியம். இத்தனை நாள் இத்தனை பேரை ஒரே வேலையில் கட்டி வைத்திருக்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதையே கலையின் பாகமாக மதிப்பிட்டவர் குறைவு. மண் அடிப்பது, பந்தல் போடுவது, வரி வசூலிப்பது எல்லாம் கலைக்கு வெளியே நடக்கும் வேலை என்று நினைத்துவிடுகிறோம். என் கட்சி என்னவென்றால், அந்த ஏற்பாடுதான் கலையின் அஸ்திவாரம். அதில் நேர்மை இருந்தால் கலையில் உயிர் இருக்கும், அதில் கோணல் இருந்தால் கலையிலும் கோணல் தெரியும்.

பங்கும் கணக்கும்

கங்காதர நெல்லூருக்கு அருகே ஒரு கிராமத்தில், மண் துரியோதனன் செய்கிற வேலையை ஒருமுறை முந்தின நாளிலிருந்தே உட்கார்ந்து பார்த்தேன். ஏரி மண் வண்டி வண்டியாக வந்தது. இளைஞர்கள் மிதித்துக் குழைத்தார்கள். ஒருவர் கயிறு பிடித்துக் கால் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று அளவு போட்டார். குயவர் வீட்டுப் பெரியவர் முகத்தில் மட்டும் கை வைத்தார். “முழுக்க நீங்களே செய்யலாமே பெரியவரே?” என்று கேட்டேன்.

“மூஞ்சி மட்டும்தான் எங்க வேலை மொதலாளி. ஒடம்பு ஊர் வேலை. நானே எல்லாம் பண்ணிட்டா அப்புறம் அவன் என் துரியோதனன் ஆயிடுவான், ஊர் துரியோதனன் எப்படி ஆவான்?” என்றார்.

இதைவிடத் தெளிவாகக் கூட்டுக்கலைக்கு யார் இலக்கணம் சொல்வார்? எல்லாரும் எல்லாம் செய்வது கூட்டு ஆகாது. அது குழப்பம். அவரவர்க்கு ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு மரியாதை, தேர்ந்தவர் கைக்கு ஓர் இடம், தேராதவர் காலுக்கும் ஓர் இடம். கடைசியில் திருவிழா முடிந்ததும் வரவு செலவைக் கோயில் வாசலில் வைத்து எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பது. எண்ணெய்க்கு எவ்வளவு, ஜமாவுக்கு எவ்வளவு, பாக்கி யார் வைத்திருக்கிறார் என்று வாசிக்கும்போது பாதிப்பேர் தூங்கினாலும், கேட்க உரிமை இருக்கிறது என்பதே பெரிது.

உலக நடப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு, ஓவியத்தைச் சுதந்திரமாக வரைந்தார்கள். மிகப் பெரிய காரியம். ஆனால் அங்கே பொதுவானது நிலமும் பிழைப்பும்தான், படத்தில் கையெழுத்து அவரவருடையது. நம் பாரதத்தில் பிழைப்பு அவரவருடையது, படைப்புதான் பொது.

ஜெர்மனியில் காஸல் நகரத்தில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982இல் 7000 ஓக் மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார். கலைக்கூடத்துக்கு முன்னால் 7000 கருங்கற்களைக் குவித்துவைத்தார். ஒரு மரம் நட்டால் பக்கத்தில் ஒரு கல் நடவேண்டும். குவியல் கரையக் கரைய, வேலை எவ்வளவு முடிந்தது என்று ஊரார் கண்ணாலேயே பார்க்கலாம். 1986இல் அவர் இறந்தார், அடுத்த ஆண்டு கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். அந்தக் கற்குவியல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதுவும் வாசலில் வைத்த கணக்குப் புத்தகம்தானே! ஒரே வித்தியாசம், அங்கே இன்றும் பாய்ஸ் பெயர்தான் நிற்கிறது. இங்கே அந்தக் குயவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

ஒரு சமணனின் சங்கடம்

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் மனசாட்சி ஒரு கேள்வி கேட்கிறது. நான் பிறப்பால் தமிழ்ச் சமணன். எங்கள் மரபில் யசோதர காவியம் என்றொரு சிறுகாப்பியம் உண்டு. தீய கனவு கண்ட யசோதரன் என்ற அரசனிடம், தேவிக்குப் பலி கொடு என்று தாய் சந்திரமதி சொல்கிறாள். உயிரைக் கொல்ல மனமில்லாத அவன், மாவினால் கோழி செய்து பலியிடுகிறான். உயிரில்லாத மாக்கோழிதானே என்று நாம் நினைப்போம். காவியம் அப்படி விடவில்லை. வெட்டும் எண்ணம் வந்ததே கொலைதான் என்று சொல்லி, தாயையும் மகனையும் விலங்குப் பிறவிகளில் அலையவைக்கிறது.

அப்படியானால் ஊரே கூடி ஒரு மண் மனிதனைச் செய்து, ஊரே கூடி அவன் தொடையைப் பிளந்து ஆரவாரம் செய்வது என்ன கணக்கில் சேரும்? கூட்டாகச் செய்வதால் மட்டும் ஒரு செயல் நல்லதாகிவிடுமா? கும்பலாகச் சேர்ந்து கேடு செய்வதையும் உலகம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. இந்தச் சங்கடத்தால் பல வருஷம் நான் பதினெட்டாம் போர் வரும்போது எழுந்து போய்விடுவேன்.

ஒருமுறை போக வண்டி கிடைக்காமல் இருந்துவிட்டேன். அப்போதுதான் மீதியைப் பார்த்தேன். தொடை பிளந்த பிறகு ஒப்பாரி தொடங்கியது. சில ஊரில் காந்தாரி அழுவாள், சில ஊரில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழுவாள். அன்றைக்கு அழுதது பெருந்திருவாள் வேடம் கட்டிய ஓர் ஆண். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் “அடி, அடி” என்று கத்திய பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஜெயித்தது யார் என்று அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை. பகைவனைத் தங்கள் கையால் செய்தவர்கள், பகைவனுக்காகத் தாங்களே அழுகிறார்கள்.

மாக்கோழியை வெட்டியவன் யாருக்காகவும் அழவில்லை. தன் பயத்துக்காக வெட்டினான். இங்கே வெட்டுக்குப் பிறகு துக்கம் காக்க இடம் வைத்திருக்கிறார்கள். இது என் சங்கடத்துக்கு முழு விடை என்று நான் சொல்லமாட்டேன். வெட்டு வெட்டுதான். ஆனாலும், ஆரவாரத்தோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பழிவாங்கல் ஆகியிருக்கும், ஒப்பாரி வரை கொண்டுபோனதால் கலையாயிற்று என்பது என் துணிபு. ஆகவே பாரதம் பார்க்க வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அடி விழுந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

மண் யாருக்கு?

ஒப்பாரி முடிந்ததும் கூட்டம் துரியோதனன்மேல் பாயும். ஆளுக்கு ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் வைத்தால் நல்லது, களஞ்சியத்தில் போட்டால் தானியம் குறையாது, வயலில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் அறுபது அடி ஆள் இருந்த இடம் தெரியாமல் போகும். செய்தவர்களே பங்கு போட்டுக்கொண்டு போகிற சிற்பம் இது. கூட்டுக்கலைக்கு இதைவிட அழகான முடிவு உண்டா என்று நான் வியந்துகொண்டிருந்தேன். தப்பட்டை அடிக்க வந்த ஒருவர் சொன்னதைக் கேட்கும் வரை.

ஊருக்கு வெளியே இருந்த தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர். தப்பட்டையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். “நீங்க மண் எடுக்கலையா?” என்று கேட்டேன்.

“அடிக்கறதுக்குக் கூப்பிடுவாங்க சாமி. மண்ணு எடுக்கப் போனா, ‘நீ அப்புறமா வா’ன்னுவாங்க. அப்புறமா போனா மண்ணு இருக்காது.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அன்று நானும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் எனக்கு வரவேண்டிய பாக்கி இருந்தது. வியாபாரி ஊரோடு பகைத்துக்கொள்ளமாட்டான். அந்த மௌனமும் என் கணக்கில் பற்றாகத்தான் நிற்கிறது.

இது ஏதோ ஓர் ஊர்க் கதை என்று தள்ளமுடியாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் மோதல் வந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். மறு ஆண்டு உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் பூசைக்காகத் திறந்தது. அதே தர்மராஜா, அதே திரௌபதி. சபை நடுவே தனக்கு நியாயம் கேட்டு நின்றவள் கோயிலிலேயே நியாயம் கேட்டுச் சிலர் வெளியே நிற்கவேண்டியிருக்கிறது! கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் உருவான தனித்தொகுதி. வாக்குச் சாவடியில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பாரதத் திடலிலும் அதே வரிசை நிற்கவேண்டாமா?

கூட்டுக்கலையை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. மண் சுமந்தது யார்? கணக்கைக் கேட்டது யார்? மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனது யார்? மூன்றுக்கும் ‘எல்லாரும்’ என்று பதில் வந்தால் அது கூட்டு. முதல் கேள்விக்கு மட்டும் ‘எல்லாரும்’ என்று வந்து, மற்ற இரண்டுக்கும் ‘சிலர்’ என்று வந்தால் அதற்குத் தமிழிலும் தெலுங்கிலும் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: வெட்டி வேலை. எத்தனை அழகான சிற்பமாக இருந்தாலும் இந்தக் குற்றம் அதில் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இன்றைய நிலையும் நம் சங்கமும்

இப்போது இன்னொரு மாற்றமும் பார்க்கிறேன். தலைக்கட்டு வரி வசூலிப்பது சிரமம் என்று, பணக்காரர் ஒருவரோ அரசியல்வாதி ஒருவரோ மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறார். ஊர் நுழைவிலிருந்து கோயில் வரை அவர் படம் போட்ட பிளெக்ஸ் தட்டிகள். துரியோதனன் செய்கிற வேலையையும் மொத்தமாகக் காண்ட்ராக்ட் விட்ட ஊர் உண்டு. வேலை சுத்தமாக, நேரத்துக்கு முடிகிறது. ஆனால் இளைஞர்கள் மண் மிதிக்காமல் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் பணத்தில் நடந்த விழாவில் கணக்கு வாசிக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? நூறு ரூபாய் வரி கொடுத்தவனுக்கு இருந்த அதிகாரம், இனாமாகப் பார்ப்பவனுக்கு இல்லாமல் போய்விட்டது.

ஊரைக் குறை சொல்லி நம்மை விட்டுவிடலாமா? நம் போன்ற சங்கங்களின் ஆண்டு விழாக்களையும் அதே மூன்று கேள்விகளால் எடைபோடவேண்டும். மெல்லிசைக் குழுவை வெளியூரிலிருந்து வரவழைக்கிறோம். நன்கொடையாளர்களுக்கு முன்வரிசை. பிள்ளைகள் ஆடும்போது பெற்றோர் கைதட்டுகிறோம், தங்கள் பிள்ளை ஆடி முடிந்ததும் சிலர் கிளம்பிவிடுகிறோம். சமையல் கூடத்தில் நின்றவர்களும் நாற்காலி தூக்கியவர்களும் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறார்கள். இதுவும் ஒருவகையில் ‘அப்புறமா வா’தான்.

என் யோசனை சிறியது. ஒரு வருஷமாவது மெல்லிசையை நிறுத்திவிட்டு, இந்த மாவட்டத்துக் கூத்து ஜமா ஒன்றை அழைப்போம். பாதி தமிழில், பாதி தெலுங்கில் ஆடட்டும். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் புரியும், அது நமக்குக் கிடைத்த பாக்கியம். பதினெட்டாம் போர் வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஒரு கூடை மண், ஒரு வேலை. டாக்டர் வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் அதே கூடை. பக்கத்தில் வசிக்கும் தெலுங்குக் குடும்பங்களையும், இதுவரை நாம் அழைக்காத தெருக்களையும் சேர்த்துக்கொள்வோம். விழா முடிந்ததும் மேடையில் செயலாளர் வரவு செலவை வாசிக்கட்டும்.

மண் எடுக்கும் நேரத்தில் தப்பட்டைக்காரரை முதலில் எடுக்கச் சொல்வோம். என் பழைய பற்றில் ஒரு பகுதியாவது அன்றைக்குத் தீரும்.